"ஃபார்மட் அடிச்சா சரியாயிடும் தம்பி!"

புதுசா அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டர் மாட்டு வண்டி மாதிரி ஓடுதா? கடைக்காரர் பதில் ரெடி: "ஃபார்மட் அடிச்சுடலாம் தம்பி." அப்புறமும் சரியாகவில்லை என்றால், "ரேம் ஏத்தணும்." அதற்கும் மசியவில்லை என்றால், "இந்தப் பிராசசர் பத்தாதுப்பா." நான் பார்த்தவரை இந்த மூன்றைத் தாண்டி யாரும் போவதில்லை.

நேற்று போட்ட விண்டோஸில் துடைக்க என்ன குப்பை இருக்கிறது மக்களே?

எனக்குக் கடுப்பே, இதை எந்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறார்கள் என்பதில்தான். நோக்கியா 2006 முதல் 2014 வரை போன் செய்த ஊர் இது. டெல் கம்பெனி 2007-இல் கம்ப்யூட்டர் தொழிற்சாலை திறந்த ஊர். ஒரகடம் வரை நம் தெருவில் பாதிப் பேர் ஏதோ ஒரு லைனில் ஷிப்ட் பார்த்தவர்கள். லைனில் ஒரு போர்டு ஃபெயில் ஆனால் "வேற பெரிய போர்டு போடு" என்று எந்த சூப்பர்வைசராவது சொல்வாரா? டெஸ்ட் பண்ணி, எங்கே கோளாறு என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அசெம்பிள் மெஷினுக்கு மட்டும் அந்த டெஸ்டிங் கிடையாது. திரையில் விண்டோஸ் தெரிந்தால் போதும், பில் போட்டுவிடுகிறார்கள்.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? ரேமையே எடுத்துக்கொள்வோம். 3200 என்று அச்சடித்த டி.டி.ஆர்.4 ரேம், பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை ஆன் செய்யாதவரை பெரும்பாலும் 2133-லோ 2666-லோதான் ஓடும். அதிலும் ஒற்றைக் குச்சி போட்டால் ஒரே சேனல். கணக்குப் போடுங்கள்: 2133 வேகத்தில் ஒரு சேனல் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 17 ஜி.பி. 3200-இல் இரண்டு சேனல் என்றால் 51 ஜி.பி. மூன்று மடங்கு! தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் கேம் திக்கித் திணற இதுவே போதும். இரண்டு குச்சி இருந்தும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகி வைத்திருந்தாலும் பல போர்டில் இதே கதிதான். நாலு ஸ்லாட் போர்டில் பொதுவாக இரண்டாவதும் நாலாவதும். மதர்போர்டு புத்தகத்தில் படமே போட்டிருக்கும். (அந்தப் புத்தகத்தை யார் பிரிக்கிறார்கள்!)

அடுத்தது டிஸ்க். எஸ்.எஸ்.டி.யும் வாங்கி, விண்டோஸை மட்டும் ஹார்டு டிஸ்க்கில் போட்டுவைத்த மெஷின்கள் உண்டு. சுற்றும் டிஸ்க் நொடிக்கு நூறு சொச்சம் இடங்களில் தேடிப் படிக்கும், எஸ்.எஸ்.டி. பல்லாயிரம். டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க் 100% என்றே நின்றால் திருடன் அவன்தான். விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். ஃபார்மட்டுக்கு நியாயமான ஒரே சந்தர்ப்பம் இது :-)

ஐந்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் படுத்துவிட்டால் கூலரைப் பாருங்கள். அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள், அல்லது நாலு பின்னில் ஒன்று சரியாக அமர்ந்திருக்காது. சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டு மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகுவது தனி காமெடி.

"இதையெல்லாம் பார்க்க எங்களுக்கு எங்கே நேரம்?" என்பார்கள். எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபிறகு "ரேம் ஏத்து" என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. கான்ட்ராக்ட் லேபராக நைட் ஷிப்ட் நிற்கும் அப்பாவின் சம்பளத்தில் கை வைக்கிற பேச்சு.

அடுத்த தடவை காசு கொடுக்கும் முன்னால் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். ரேம் வேகம், எத்தனை ஸ்லாட், டிஸ்க் எது, எல்லாம் அதிலேயே இருக்கிறது. பயோஸில் சூட்டையும் காட்டச் சொல்லுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும், பில் நம் கையில் வருகிறவரைக்கும் அவர்கள்தான் காத்திருக்க வேண்டும்.