நடுவில் வந்தால் என்ன குற்றம்?

இங்கிலீஷ் இலக்கணத்தில் எனக்குப் பிடிக்காத விதிகள் நிறைய உண்டு. ஆனால் அவை விதிகள். பிடிக்கிறதோ இல்லையோ, பின்பற்றித்தான் ஆகவேண்டும். இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது அல்ல. விதியே இல்லாத ஒன்று விதி வேஷம் போட்டுக்கொண்டு நம் விடைத்தாளில் மார்க்கை அடித்துக்கொண்டு போகிறதே, அதைப் பற்றியது.

நீங்களும் கேட்டிருப்பீர்கள். "டு"வுக்கும் அதை ஒட்டி வரும் வினைக்கும் நடுவில் அட்வெர்பைப் போடாதே, அது ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ், பெரிய பாவம் என்பார்கள். இதற்குத் தம்பி ஒன்றும் உண்டு. "வில்", "ஹாவ்", "கேன்" போன்ற துணைவினைக்கும் முக்கிய வினைக்கும் நடுவிலும் எதையும் நுழைக்காதே என்பது. சேர்ந்து வரும் வினைகளைப் பிரிப்பது ஒரு குடும்பத்தைப் பிரிப்பதுபோல என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது :-)

முதலில் தம்பியைக் கவனிப்போம். அவன் செய்த கலாட்டா உலகம் முழுக்க நேரலையில் வந்தது.

2009 ஜனவரி 20. வாஷிங்டனில் ஒபாமா பதவியேற்கிறார். உறுதிமொழியைச் சொல்லிக் கொடுப்பவர் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அரசியல் சட்டத்தில் இருக்கும் வாசகம் "ஐ வில் ஃபெயித்ஃபுல்லி எக்ஸிக்யூட்". அதாவது, பதவியின் கடமைகளை விசுவாசத்தோடு நிறைவேற்றுவேன். கையில் தாள் இல்லாமல் மனப்பாடமாகச் சொன்ன ராபர்ட்ஸ், "ஃபெயித்ஃபுல்லி"யை நடுவிலிருந்து தூக்கி வாக்கியத்தின் வாலில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒபாமா தயங்கி நிற்கிறார். ராபர்ட்ஸ் திருத்தப் பார்க்கிறார், அதிலும் தடுமாற்றம். கடைசியில் ஒபாமாவும் வாலில் வைத்தே சொல்லி முடிக்கிறார். எதற்கு வம்பு என்று மறுநாள் மாலை வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை உறுதிமொழி எடுத்தார்கள்!

ஏன் அந்த ஒரு சொல் மட்டும் இடம் மாறியது? மொழியியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் அந்த வாரமே நியூயார்க் டைம்ஸில் ஒரு ஊகத்தை எழுதினார். "வில்"லுக்கும் வினைக்கும் நடுவில் அட்வெர்ப் வரக்கூடாது என்ற மூடநம்பிக்கை அமெரிக்கச் சட்ட எழுத்தில் ஊறிக் கிடக்கிறது. அது நீதிபதியின் மனதில் தானாக வேலை செய்து, அரசியல் சட்டத்தையே "திருத்தி" இருக்கலாம் என்றார். இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். 1787-ல் அந்த வாசகத்தை எழுதியவர்கள் இப்படி ஒரு விதியைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நடுவில் வைப்பதுதான் இயல்பாக இருந்திருக்கிறது.

அமெரிக்கா வேண்டாம் என்றால் நம் ஊருக்கே வாருங்கள். இந்திய அரசியலமைப்பின் 60-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவரின் உறுதிமொழி. அதன் ஆங்கில வாசகத்திலும் "வில் ஃபெயித்ஃபுல்லி எக்ஸிக்யூட்" என்றே இருக்கிறது. அடுத்த வரியில் "வில்"லுக்கும் "ப்ரிசர்வ்" என்ற வினைக்கும் நடுவில் ஒரு சொல் அல்ல, "என்னால் இயன்றவரை" என்று பொருள்படும் முழுத் தொடரே உட்கார்ந்திருக்கிறது. ராஷ்டிரபதிக்கு அனுமதி உண்டு, இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு இல்லையா?

சரி, பெரிய மனிதர்கள் எழுதினார்கள் என்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. உண்மையான காரணம் பொருள். இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

"ஐ ரியலி டோன்ட் நோ" - சத்தியமா எனக்குத் தெரியாது.
"ஐ டோன்ட் ரியலி நோ" - எனக்கு அவ்வளவாத் தெரியாது.

சொற்கள் அதே. "ரியலி" துணைவினைக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதில்தான் ஆளின் நேர்மையே மாறுகிறது. நடுவில் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டால், இரண்டாவது பொருளை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வழி ஏது?

ஆங்கிலத்தில் நிஜமாகவே ஒரு ஒழுங்கு இருக்கிறது. வினைகள் சங்கிலியாக வரும்போது "ஆல்வேஸ்", "நெவர்", "ப்ராபப்லி" வகையறாக்கள் பெரும்பாலும் முதல் துணைவினைக்குப் பின்னால் நிற்கும்: "ஷுட் நெவர் ஹாவ் பீன் ஓப்பன்ட்". எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் அட்வெர்ப் சங்கிலியின் உள்ளே வந்தால், முக்கிய வினையை ஒட்டி நிற்கும்: "ஷுட் ஹாவ் பீன் கேர்ஃபுல்லி டெஸ்டட்". சங்கிலியின் நடுப்பகுதிதான் அட்வெர்பின் சொந்த வீடு. வீட்டுக்காரனையே வெளியே நிற்கச் சொன்னால் எப்படி?

இப்போது அண்ணனுக்கு வருவோம், "டு" சமாச்சாரம். ஒரு மாணவனைப் பற்றி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. "ஹி கம்ப்ளீட்லி ஃபெயில்ட் டு அண்டர்ஸ்டாண்ட்" - அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை.
2. "ஹி ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்" - புரிந்தது, ஆனால் முழுசாகப் புரியவில்லை.
3. "ஹி ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு அண்டர்ஸ்டாண்ட்" - இதுதான் விதிக்குப் பயந்தவர் இரண்டாவதைத் "திருத்தி" எழுதுவது. ஆனால் படிப்பவர் எடுத்துக்கொள்வது முதல் பொருளை!

பாதி புரிந்த பையனை ஒன்றும் புரியாதவன் ஆக்கிவிட்டோம். இலக்கணத்தின் பெயரால்!

விற்பனை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதை ஆங்கிலத்தில் "டு மோர் தன் டபுள்" என்று எழுதுவார்கள். அந்த "மோர் தன்"னை "டு"வுக்கு முன்னாலோ "டபுளு"க்குப் பின்னாலோ நகர்த்திப் பாருங்கள். வாக்கியமே உடைந்துவிடும்.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது? 1834-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் "பி" என்று மட்டும் கையெழுத்திட்ட ஒருவர் இதைக் கண்டித்து எழுதினார். அவர் காட்டிய குறை, இது படிக்காதவர்களிடம் அதிகம் காணப்படும் பழக்கம் என்பது. 1864-ல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார், ஆங்கிலம் பேசுபவர்களிடமும் எழுதுபவர்களிடமும் இல்லாத வழக்கம் இது என்று எழுதினார். கவிஞர் பைரனே அதற்கு அரை நூற்றாண்டு முன்பு அப்படி எழுதியிருந்தார்! ஆக, முதலில் பிறந்தது "அவர்களைப் போலப் பேசாதே" என்ற அந்தஸ்து வெறி. அது பிறகு இலக்கணச் சட்டை மாட்டிக்கொண்டது.

லத்தீனில் இன்ஃபினிட்டிவ் ஒரே சொல், அதைப் பிரிக்க முடியாது, அதனால் ஆங்கிலத்திலும் கூடாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். நம் "செய்ய" என்பதும் ஒரே சொல்தான். அதற்காக ஆங்கிலேயன் தமிழ் இலக்கணப்படி பேச வேண்டுமா? நாமோ "செய்யத்தான் வேண்டும்", "போகவே மாட்டேன்" என்று வினைக்கும் துணைவினைக்கும் நடுவில் சர்வசாதாரணமாக ஆள் நுழைக்கிறோம். இவை அட்வெர்ப் அல்ல, இடைச்சொற்கள் என்று தெரியும். ஆனாலும் நடுவில் நின்று அழுத்தம் கொடுக்கும் வேலை அதேதான். எந்தத் தமிழாசிரியரும் இதற்குச் சிவப்பு மை எடுப்பதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? கொஞ்சம் உண்டு. "டு"வைச் சொல்லிவிட்டு ஒரு நீளமான தொடரைக் கொட்டி, பிறகு வினையைத் தேட வைத்தால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். அதைத் திருத்துங்கள், தப்பே இல்லை. ஆனால் அது நடையின் குறை, இலக்கணப் பிழை அல்ல. கறாருக்குப் பேர்போன ஃபவ்லரே 1926-ல், குழப்பமும் செயற்கைத்தனமும் வருவதைவிடப் பிரிப்பதே மேல் என்று ஒப்புக்கொண்டார். எக்கானமிஸ்ட் பத்திரிகையும் 2018-ல் தன் நடைக் கையேட்டில் இந்தத் தடையைத் தளர்த்திவிட்டது.

"அதெல்லாம் சரி தம்பி, பேப்பர் திருத்துகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டாரே" என்பீர்கள். இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். என் வகுப்பு நண்பன் ஒருவன் "டு ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட்" என்று எழுதினான். அடியில் சிவப்புக் கோடு, அரை மார்க் போச்சு. மார்க் போனால் போகட்டும். அதற்குப் பிறகு அவன் அட்வெர்ப் எழுதுவதையே விட்டுவிட்டான். எங்கே வைப்பது என்று பயம். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவன் காதால் எழுதுகிறான், அவனுக்குப் பிரச்சினை இல்லை. விதிப் புத்தகத்தை மட்டும் நம்பி வந்தவன்தான் பொய் விதிக்கும் சேர்த்துக் கப்பம் கட்டுகிறான். 1834-ல் படிக்காதவர்களை விலக்கி வைக்கச் சொன்ன அதே கோடு, இன்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் தாளில் விழுகிறது.

திருத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பேனாவை எடுக்கும் முன் அந்த அட்வெர்பை வேறு இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பொருள் மாறாமல் வாக்கியம் அழகானால் தாராளமாக மாற்றச் சொல்லுங்கள், மார்க்கை மட்டும் விட்டுவிடுங்கள். பொருள் மாறினால், பையன் எழுதியதுதான் சரி.

நண்பர்களே, எந்த வினையைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதன் பக்கத்தில் அட்வெர்பை வையுங்கள். அது நடுவில் வந்தால் வரட்டும். யாராவது கேட்டால் 60-ஆவது பிரிவைக் காட்டுங்கள்.