சூத்திரமும் சுண்ணாம்பும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (வேதியியல்) மாணவன்

சென்ற ஆண்டு துணைப்பாட இயற்பியல் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது தனி ஊசல். அளவுகளை எடுத்தேன், கணக்கையும் பிழையின்றி முடித்தேன். தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, குண்டின் எடையை இருமடங்காக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும்?"

"கூடும் ஐயா" என்றேன்.

"நீ எழுதியிருக்கும் சூத்திரத்தில் எடை எங்கே இருக்கிறது?" என்றார். பார்த்தேன். நீளம் இருந்தது, புவியீர்ப்பு முடுக்கம் இருந்தது, எடை இல்லவே இல்லை! பலமுறை எழுதிய சூத்திரத்தை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன்.

நண்பர்களே, நம்மில் பலரது நிலை இதுதான் அன்றோ? பள்ளியில் தமிழில் பயின்று, இங்கே ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் நமக்குச் சூத்திரம் பொருள் தெரியாத மந்திரமாகிவிட்டது.

என் தந்தை சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்பவர். கையெழுத்து மட்டும் போடுவார். விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள், "நூறு கிலோ கல்லைச் சுட்டா பாதிக்குக் கொஞ்சம் மேலதாண்டா சுண்ணாம்பு தேறுது. மிச்சம் எங்கே போகுதுன்னு உங்க படிப்புல இருக்கா?" என்று கேட்டார்.

கரித்துண்டை எடுத்துத் தரையில் எழுதினேன். கால்சியம் கார்பனேட் 100 பங்கு. சுட்டால் சுண்ணாம்பு 56 பங்கு. கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போவது 44 பங்கு. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கி, அது மீண்டும் கார்பனேட்டாகிறது என்றேன். "அதனாலதான் நாளாக நாளாக இறுகுதா?" என்றார் அப்பா. நான் தேர்வுக்காக உருப்போட்ட வரி, அவர் வாழ்நாளெல்லாம் கையால் செய்துவந்த வேலை! இது எனக்கு அதுவரை தெரியவில்லை.

மனப்பாடமே வேண்டாம் என்பதன்று என் கருத்து. மனத்தில் இருந்ததால்தான் காளவாயடியில் எழுத முடிந்தது. ஆனால் சூத்திரம் என்பது சுருக்கி எழுதிய ஒரு வாக்கியம். அதை விரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். 'அலைவு நேரம் இருமடங்காக வேண்டுமானால் நீளம் 4 மடங்காக வேண்டும்' என்று நம் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குறியீடும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன, எது அதில் இல்லை, எப்போது அது பொருந்தும் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு மனப்பாடம் செய்வோம். ஊசலின் சூத்திரம்கூடச் சிறிய வீச்சுக்குத்தானே பொருந்தும்!

பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். உள்தேர்வுகளில் 'சூத்திரத்தை எழுதுக' என்பதோடு, 'அதன் பொருளைச் சொந்த நடையில் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரிகளில் எழுதுக' என்றும் கேளுங்கள். எங்களில் பலர் முதலில் திணறுவோம். ஆனால் வீட்டில் ஒருவர் கேள்வி கேட்கும்போது தலைகுனிய மாட்டோம்.