பெற்றால்தான் தாயா?

"பெற்றவளுக்குத்தான் தெரியும் பிள்ளையின் அருமை" என்றொரு வாக்கியத்தை மேடைக்கு மேடை உருட்டி விடுகிறார்கள். அது பிள்ளை இல்லாதவள் தலையில் பாறாங்கல்லாய் விழுகிறதே என்று உருட்டுகிறவர்களுக்குக் கவலையில்லை. அறந்தாங்கியில் ஒரு விழாவில் பேசிய பெரியவர் விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு இழுத்தார். "எலிகூடக் குட்டி போட்டதும் தாயாகிவிடுகிறது. தாய்மை ரத்தத்தில் ஊறுவது, இரவலாக வராது!" என்றார். மண்டபம் கைதட்டிற்று.

நல்லது. சாட்சியை அவரே கூப்பிட்டுவிட்டார். எலி என்ன சொல்கிறது என்று கேட்போம்.

குட்டி போடாத எலி, குட்டிகளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். சில சமயம் கொன்றும் விடும். பிரசவ காலத்தில் அதன் உடம்புச் சுரப்புகள் மாறுகின்றன. ஆக்ஸிடோஸின் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்கிறது. 1979இல் அமெரிக்காவில் பெடர்ஸன், பிராஞ்ச் என்ற இருவர், பெண்மைச் சுரப்பு ஏற்றிய கன்னி எலிகளின் மூளைக்குள் இதைச் செலுத்தினார்கள். அவற்றில் பல, யாரோ பெற்ற குட்டிகளைக் கவ்வி வந்து கூட்டில் சேர்த்து, நக்கிக் கொடுத்து, அணைத்துக் கொண்டன. பெரியவர் பேச்சில் பாதி உண்மை; ஒப்புக்கொள்கிறேன்.

மற்றப் பாதியை அவர் படிக்கவில்லை. 1967இலேயே ஜே ரோஸன்பிளாட் என்ற ஆராய்ச்சியாளர், சினைப்பை அகற்றப்பட்ட பெண் எலிகளோடும், ஏன், ஆண் எலிகளோடும், நாள்தோறும் குட்டிகளை விட்டு வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவையும் குட்டிகளைக் கவ்விக் கூட்டில் சேர்த்தன; மடியில் பாலில்லாமலே பாலூட்டும் கோலத்தில் கவிந்து நின்றன. பிரசவம் குறுக்கு வழி. கூடவே கிடப்பது சுற்று வழி. இரண்டும் போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. மான்ட்ரியலில் மைக்கேல் மீனி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுக்காத தாய்க்குப் பிறந்த பெண் குட்டிகளை, அதிகம் நக்கிக் கொடுக்கும் தாயிடம் வளரவிட்டார்கள். அவை வளர்ந்து தாமும் தாயானபோது, வளர்த்தவளைப் போலவே நடந்தன. பெற்றவளைப் போல அல்ல. இரவலாக வராது என்றாரே!

எங்கள் பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். தங்கை பிரசவத்தில் போக, இருபது நாள் சிசுவை ஏந்திக்கொண்டு அவனுக்காகவே வாழ்ந்தவள். அவன் கல்யாணத்தில், "பெற்றவள் இல்லையே" என்று சொல்லி அவளை மணவறைக்குக் கீழே நிறுத்தினார்கள். அந்த வாக்கியத்தின் விலை இது. அதே வாக்கியம், பிரசவித்த மறுநாள் நெஞ்சில் பாசம் பொங்காமல் திகைத்துக் கிடக்கும் இளந்தாயையும் கல்நெஞ்சக்காரி என்கிறது. அவளுக்கு வேண்டியது வைத்தியமும் ஒத்தாசையும், வசவு அல்ல.

எலி வேறு, மனுஷி வேறு, எனக்கும் தெரியும். எலியை மேடை ஏற்றியவன் நான் அல்ல. எலியின் மூளையே தொட்டு வளர்ப்பதால் மாறுகிறபோது, அதைவிடப் பெரிய மூளையும் ஒரு மனசும் உள்ள பெண்ணுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இரவில் அழும் குழந்தைக்கு எழுந்திருக்கிறவள் எவளோ, அவள் தாய். தாய் ஸ்தானத்துக்குப் பிரசவ ரசீது கேட்கிறவர்கள் முதலில் ஒரு குழந்தையை ஒரு வாரம் தூக்கிச் சுமந்து பார்க்கட்டும். ஆண் எலிக்குக் கூடிவந்தது அவர்களுக்கும் வரக்கூடும்.