துண்டின் கரையில் என்ன இருக்கிறது?

குளித்து எழுந்ததும் நாம் கையில் எடுக்கும் துண்டை ஒருமுறையேனும் உற்று நோக்கியிருக்கிறோமா? அதன் கரையும் குஞ்சமும் வெறும் அலங்காரம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று.

கைத்தறித் துண்டின் இரு முனைகளிலும் ஊடை ஓடாத பாவு நூல்கள் சிறிதளவு விடப்படுகின்றன. அவற்றை முறுக்கி முடிச்சிடுவதனாலேயே கடைசி ஊடை இழைகள் நழுவாமல் நிற்கின்றன. குஞ்சத்தைக் கத்தரித்து எறிபவர் துணியின் வேலியையே அறுத்துவிடுகிறார். ஈரிழைத் துண்டில் நூல்கள் இரண்டிரண்டாக இணைந்து ஓடுவதும் காரணத்தோடுதான். அவ்விழைகளின் இடையே நீர் ஏறித் தங்குகிறது.

தேங்காய்ப்பூத் துண்டு துருக்கி நாட்டு நெசவின் வழிவந்தது. ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் அங்குக் கண்ட துணியே இங்கிலாந்தில் எந்திரத் தறியேறி, 1851ஆம் ஆண்டு லண்டன் பெரும் பொருட்காட்சியில் இடம்பெற்றது. இதில் தளர்வாக விடப்படும் தனிப் பாவு, வளையங்களாக எழுந்து நீரை உறிஞ்சுகிறது. முனைக்குச் சற்று உள்ளே வளையமின்றித் தட்டையாக ஓடும் பட்டை, தன் நெருக்கமான நெசவால் துணி இழுபட்டு உருக்குலையாதபடி காக்கிறது.

ஆயினும், கனத்த துண்டு குடித்த நீரை எளிதில் விடாது. போடிநாயக்கனூர் வெயிலில் விரைவில் உலரும் அதே துண்டு, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்ட லயங்களில், மழைக்கால மூடுபனியில், மறுநாளும் ஈரமாகவே தொங்கும். மலைக்கு மெல்லிய துண்டே தக்கது.

பறித்த ஏலக்காய் ஈரத்தோடு கிடந்தால் கெட்டுவிடும் என்று உடனே உலர்த்த அனுப்புகிறோம். நம் பிள்ளைகள் முகம் துடைக்கும் துணிக்கு அந்த அக்கறையைக் காட்டுகிறோமா? ஈரத்துண்டில் பூஞ்சை வளரும். ஒரே துண்டைப் பலரும் பயன்படுத்தினால் படர்தாமரையும் கண்நோயும் வீடு முழுவதும் பரவும்.

ஆகவே, புதுத் துண்டைக் கஞ்சி போக அலசிய பின்னரே பயன்படுத்துவோம். கொடியில் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துவோம். கனத்த துண்டு ஒன்றின் விலையில் மெல்லியவை இரண்டு பெரும்பாலும் கிடைக்குமாதலால், ஆளுக்கொன்றாக, கரையின் நிறம் வேறு வேறாகப் பார்த்து வாங்குவோம். தன் துண்டு எதுவென்று எழுத்தறியாக் குழந்தையும் கண்டுகொள்ளும். நெசவாளர் கரைக்கு வைத்த பயனோடு, நாம் சேர்க்கும் பயனாக இதுவும் இருக்கட்டும்.