போடி பஸ்ஸில் வந்த பை

இரவு ஒன்பது மணிக்குத் தேவிகுளத்திலிருந்து போன். ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர். சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக அந்தப் பக்கம் சுற்றியபோது பழக்கமானவர். "அக்கா, மணிக்கு ரொம்ப முடியலை. டாக்டரம்மா உங்ககிட்ட பேசணுங்கிறாங்க." மணி யாரென்று நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. லயத்து வாசலில் என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிய செவலை நாய்.

டாக்டரம்மா மலையாளி, அரசு கால்நடை மருத்துவர். தம்பிக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். ஆனால் நாயின் உண்மையான சொந்தக்காரி அவருடைய தாயார். முப்பது வருடம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர்; தமிழைத் தவிர இன்னொரு பாஷை அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. மகன் சொன்னால் நம்ப மாட்டார். "அவன் செலவுக்குப் பயந்து எதையாவது சொல்லுவான்." ஆகவே வெளி ஆள் ஒருத்தி தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ ஆயிரம் பக்கம் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு நாய்க்காக மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

நோய், உண்ணிக் காய்ச்சல். மூன்று நாளாக மணி சாப்பிடவில்லை. ஈறு காகிதமாய் வெளுத்துவிட்டது. மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போகிறது. டாக்டர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றிப் பார்த்திருக்கிறார். சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள்: பபீசியா என்ற ஒட்டுண்ணி, அதிலும் 'கிப்சோனி' என்கிற பொடி வகை. நுண்ணோக்கியின் கண்ணில் செல்போனை வைத்துப் படமெடுத்து, மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியில் தனக்குப் பாடம் நடத்தியவருக்கு அனுப்பினார். அவரும் அதையே சொன்னார்.

இந்த கிப்சோனிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு. 1910ல் பேட்டன் என்ற வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் இதை முதன்முதலில் விவரித்தபோது, அவர் பார்த்தது 'மெட்ராஸ் ஹண்ட்' வேட்டை நாய்களின் ரத்தத்தை. பிறகு குள்ளநரிகளிடமும் அகப்பட்டது. துரைமார் நாய், லயத்து நாய் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

மருந்து இருக்கிறது. பபீசியாவின் பெரிய வகை ஓரிரண்டு ஊசியில் அடங்கிவிடும். கிப்சோனி அடங்காது. கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் என்று மூன்றைச் சேர்த்து வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். மூன்றும் மனிதர்கள் விழுங்கும் மாத்திரைகள்தான், எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். ஆனால் மருந்து வேலை செய்யும் வரை நாய் உயிரோடு இருக்க வேண்டுமே. ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 37 முதல் 55 வரை இருக்கும். மணிக்கு 11. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும்.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கென்றே ரத்த வங்கி உண்டு. தேவிகுளத்துக்கு அதனால் என்ன பயன்? மண்ணுத்திக்கு மலையிறங்கிப் போக அரை நாள் ஆகும். தமிழ்நாட்டுப் பக்கம் 2020ல் தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடைக் கல்லூரிகள் வந்தன. தேனி கிட்டேதான், ஆனால் நடுவில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சு வாங்கும் நாயை ஜீப்பில் உருட்டிக்கொண்டு இறங்க வேண்டாம் என்றார் டாக்டர். நோயாளி இங்கேயே இருக்கட்டும், மற்றதெல்லாம் அதைத் தேடி வரட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. கால்நடை விஞ்ஞானம் இந்த மலைக்குப் புதிதல்ல. பக்கத்து மாட்டுப்பெட்டியில் 1963லேயே சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்து இந்தோ-சுவிஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். கேரளத்தின் 'சுனந்தினி' கலப்பினப் பசு அங்கே உருவானதுதான். உறைந்த விந்துக்கு ஐரோப்பாவிலிருந்து தொழில்நுட்பம் வந்த இடத்தில், ஒரு நாய்க்கு 350 மில்லி ரத்தம் பிடிக்க ஒரு பை கிடையாது. பசு பால் கறக்கிறது, நாய் கறக்கவில்லை. அரசாங்கத்தைக் குறை சொல்லியும் பயனில்லை.

முதலில் அந்தத் தாயாரிடம் சொல்லியாக வேண்டும். 'ப்ராக்னோசிஸ் கார்டட்' என்றார் டாக்டர். அகராதியைக் கேட்டால் 'முன்கணிப்பு' என்று ஏதாவது சொல்லும். அதை வைத்துக்கொண்டு லயத்தில் என்ன செய்ய? "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதாம்மா" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அழுகை. எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த வாக்கியத்துக்கு அவர் கண்ட அர்த்தம் ஒன்றுதான். சொன்னதை அழித்துவிட்டு மறுபடி சொன்னேன்: "பிழைச்சாலும் பிழைக்கும், போனாலும் போகும். ரத்தம் ஏத்தாட்டி கட்டாயம் போயிடும். ஏத்தினா வழி இருக்கு." கொஞ்ச நேரம் மௌனம். "ஏத்தச் சொல்லும்மா. எம்புட்டு ஆகும்?"

அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. 2015ல் மூணாறு பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு தெருவில் உட்கார்ந்தபோது அவர்களுடைய தினக்கூலி 232 ரூபாய். போராடி வாங்கியது 301. அப்படிச் சேர்ந்த பணம். நாய்க்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் பெட்டிமுடியை நினைத்துக்கொள்ளலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். எட்டு நாள் கழித்து, ஆற்றில் மரத்தடியில் சிக்கிக் கிடந்த குழந்தையின் உடலைக் காட்டிக் கொடுத்தது அந்த வீட்டு நாய் குவி. பிறகு சாப்பிடாமல் சுற்றிய குவியை இடுக்கி போலீஸ் நாய்ப் படை எடுத்து வளர்த்தது. இந்த மலையில் நாய் வீட்டு ஆள்.

போடியில் தனியார் டாக்டர் ஒருவர், தமிழர், இதுபோல் பலமுறை ரத்தம் ஏற்றியவர். நம் டாக்டரம்மா படிக்கும்போது ஒரே ஒரு தடவை செய்திருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். மண்ணுத்தி, போடி, தேவிகுளம் மூன்றும் ஒரே போன் இணைப்பில் பேசின. பாதி இங்கிலீஷ், மீதி மலையாளமும் தமிழும். மலையாளத்தில் 'உண்ணி' என்றால் குழந்தை, நாய் மேல் இருப்பது 'பட்டுண்ணி', 'பட்டி' என்றால் நாய் என்பதெல்லாம் எம்.ஏ. தமிழில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எஸ்டேட் ஊழியர் ஒருவரின் லாப்ரடார், 32 கிலோ, தடுப்பூசி போட்டது, கொடையாளியாகக் கிடைத்தது. அதன் ரத்தத்தையும் தகட்டில் பார்த்து, மோதிரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். நாய்களிடம் ஒரு வசதி: வேற்று ரத்தத்துக்கு எதிரான பொருள் பிறவியிலேயே அவற்றின் உடம்பில் பெரிதாக இருப்பதில்லை. அதனால் முதல் தடவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அடுத்த தடவை அப்படி இறங்க முடியாது, பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். பூனைக்கு முதல் தடவையே ஆபத்து.

பை? உறையாமல் காக்கும் திரவம் உள்ள, மனிதர்களுக்கான ரத்தப் பை ஒன்று போடி டாக்டரிடம் இருந்தது. விடிகாலையில் மூணாறு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். அதுவரை ராத்திரி முழுக்க மணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை ஈறின் நிறத்தைப் பார்த்துச் சொன்னவர் அந்தத் தாயார். "வெள்ளைதாம்மா. இன்னும் வெள்ளைதாம்மா."

காலையில் லாப்ரடாரின் கழுத்து நரம்பிலிருந்து 350 மில்லி எடுத்தார்கள். முதல் அரை மணி சொட்டுச் சொட்டாக; நடுக்கம், வாந்தி ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே. பிறகு சற்று வேகமாக. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. மதியம் 22 என்று செய்தி வந்தது. சாயங்காலம், லாப்ரடாருக்கு முட்டை வாங்கிக் கொடுத்ததாக இன்னொரு செய்தி.

மணி இப்போது சோறு தின்கிறது. ஆனால் கிப்சோனி உடம்பை விட்டு முழுசாகப் போவது அரிது. உடம்பு தளர்ந்தால் திரும்பி வரலாம். இதையும் நான்தான் அந்தத் தாயாரிடம் சொன்னேன். "சர்க்கரை வியாதி மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். டாக்டர் ஒப்புக்கொண்டாரா தெரியாது.

போன வாரம் டாக்டரம்மா ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட ஒரு நோட்டீஸ் எழுதி, தமிழாக்கம் கேட்டு அனுப்பினார். தினமும் காது மடல், விரலிடுக்கு, வால் அடி பார்க்க வேண்டும். உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது. ஈறு வெளுத்தால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும். ஒன்பது வரி. கூலி எவ்வளவு என்று கேட்டார். என் செருப்பு இன்னும் மணியிடம்தான் இருக்கிறது, அதை வாங்கித் தரச் சொன்னேன்.