எம்.டி. என்றால் மேனேஜிங் டைரக்டர் மட்டுமல்ல!

வங்கிக்காரர்களுக்கு எம்.டி. என்றால் பெரிய அதிகாரி. டாஸ் படித்த என் வயசுக்காரர்களுக்கு அது ஃபோல்டர் உருவாக்கும் கட்டளை: 'மேக் டைரக்டரி'யின் சுருக்கம். 1981-ல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. எல்லா ஃபைலும் ஒரே குவியல். 1983-ல் டாஸ் 2.0 வந்தபோதுதான் இந்தக் கட்டளை வந்தது. இன்றைய விண்டோஸிலும் அப்படியே வேலை செய்கிறது.

"இப்போ எதுக்கு சார் இந்தப் பழங்கதை?" என்பீர்கள். காரணம் இருக்கிறது.

நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலாகிற குடும்பங்களுக்கு ஜூன் மாதம் ஒரு கண்டம். புது ஊர்ப் பள்ளியில் டி.சி., பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துதான் வைத்திருப்போம். ஆனால் 'ஸ்கேன் 0017' என்ற பெயரில்! தேடும் வசதி இருக்கிறதே என்றால், பெயரே வைக்காததை எந்தப் பெயர் சொல்லித் தேடுவது? சான்றிதழ் தொலைந்தால் லீவு போட்டு, ரயில் ஏறி, நம்மூர்த் தாலுகா ஆபீசில் போய் நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

மவுஸிலேயே ஃபோல்டர் போடலாமே? ஒன்றிரண்டு என்றால் சரி. நாலு பேருக்கு ஆறு ஆறு என்றால் இருபத்து நாலு தடவை. இதிலோ ஆளுக்கு ஒரு வரி. எக்ஸ்ப்ளோரரில் வேண்டிய இடத்தைத் திறந்து, மேலே முகவரிக் கட்டத்தில் சி-எம்-டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். எம்-டி என்று அடித்து, இடைவெளி விட்டு, பெயர்களை வரிசையாக அடித்தால் அத்தனை ஃபோல்டரும் ஒரே தட்டில் தயார். 'அப்பா', ஒரு பின்சாய்வுக் கோடு, 'பென்ஷன்' என்று சேர்த்து அடித்தால் ஒன்றுக்குள் ஒன்றாகவே வரும். பெயருக்குள் இடைவெளி வந்தால் இரட்டை மேற்கோள் போடுங்கள். இல்லாவிட்டால் 'பேங்க் லோன்' இரண்டு ஃபோல்டராகிவிடும் :-)

பயப்பட வேண்டாம். அதே பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்தால் 'இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். உள்ளே இருப்பதைத் தொடாது.

என்னைக் கேட்டால், நேரம் மிச்சமாவது சின்ன லாபம்தான். அடிப்பதற்கு முன்னால் என்னென்ன தலைப்பு வேண்டும் என்று யோசித்தாக வேண்டும் பாருங்கள், அதுதான் பெரிய லாபம். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: முதலில் லெட்ஜரில் தலைப்பு, பிறகுதான் பதிவு. போனிலேயே வளர்கிற பிள்ளைகளுக்கு ஃபைல் எங்கே போய் உட்காருகிறது என்பதே தெரிவதில்லை. அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். ஆர்வம் வர ஒரு வழி: 'கான்' (சி-ஓ-என்) என்று ஃபோல்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடியாது! ஒரு காலத்தில் "பில் கேட்ஸுக்கே காரணம் தெரியாது" என்று மெயிலில் சுற்றிய புரளி இது. மர்மம் ஒன்றுமில்லை. கீபோர்டையும் திரையையும் குறிக்க டாஸ் ஒதுக்கி வைத்த பெயர், அவ்வளவுதான்.

ஃபோல்டர் போட்டு முடித்ததும் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து, ஊரில் அம்மா அப்பாவிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள். அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் சொல்லிக்கொண்டு வராது.