கைதட்டியவர்களில் நானும் ஒருவன்

ஓசூரிலிருந்து பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஏழாவது முடித்தவன். பாலக்கோட்டு மே மாத வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் வெளியே விளையாட அனுப்ப முடியாது. பழைய டேப்லெட்டில் கார்ட்டூன் படம் போட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். எனக்குக் கார்ட்டூன் என்றால் எலியும் பூனையும்தான். இது வேறு மாதிரி. 2012-இல் வந்த 'சூப்பர்மேன் வெர்சஸ் தி எலீட்'. 2001-இல் ஜோ கெல்லி எழுதிய ஒரு காமிக்ஸ் கதையைப் படமாக்கியிருக்கிறார்கள். திரைக்கதையும் அவரே எழுதியது.

கதை சுருக்கம் இதுதான். ஒரு கொலைகாரனைச் சூப்பர்மேன் அடித்துப் பிடித்துச் சிறையில் போடுகிறார். அவன் தப்பி வந்து மறுபடியும் ஆட்களைக் கொல்கிறான். அப்போது மான்செஸ்டர் பிளாக் என்பவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வருகிறார்கள். பெயர் எலீட். இவர்களுக்கு ஜெயில், கோர்ட்டு எதுவும் கிடையாது. கொலைகாரனை அங்கேயே தீர்த்துக்கட்டுகிறார்கள். ஊரே கைதட்டுகிறது.

பேரனும் தட்டினான். "சூப்பர்மேன் வேஸ்ட் தாத்தா. ஜெயில்ல போட்டா அவன் திரும்ப வந்து கொல்றான் இல்ல? இவங்கதான் கரெக்ட்."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1992-இல் நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாம் தர்மபுரி மாவட்டம்தான். வீரப்பன் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சோறு உண்ட காலம். சந்தன மரம், கடத்தல், வேட்டை, இந்த மூன்று வார்த்தை இல்லாமல் பேப்பர் வராது. அந்த ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, அரூர் பக்கம் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமத்துக்குள் அதிகாரிகள் புகுந்தார்கள். வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த் துறை 6 பேர். என் துறை.

விஷயம் வெளியே வரவே சில வாரங்கள் ஆயின. எங்கள் அலுவலகத்து எதிரே இருந்த டீக்கடையில் நாலைந்து பேர் நின்று பேசினோம். "கடத்தல்காரன் ஊருப்பா அது. நல்லா போட்டாத்தான் அடங்குவானுங்க." இதைச் சொன்னவன் நான்தான். யாரும் மறுக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு சீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம்.

அங்கே என்ன நடந்தது என்பது பின்னால் கோர்ட்டில் வந்தது. வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு மாடுகளையும் விட்டுவைக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாதபடி செய்தார்கள். பிடித்துப் போனது 133 பேரை. அதில் பெண்கள் 90, குழந்தைகள் 28. ஆண்கள் வெறும் 15 பேர். தப்பியவர்கள் மலையேறி ஒளிந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையும் அதில் உண்டு.

கடத்தல்காரனைப் பிடிக்கப் போனவர்கள் 28 குழந்தைகளைப் பிடித்து வந்திருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கை நான் அன்று போட்டுப் பார்த்திருக்கலாம். ஆபீசில் நாள் முழுக்கக் கணக்குப் போட்டவன்தான்.

இப்போது மறுபடி படத்துக்கு வருகிறேன். எலீட் கும்பல் முதலில் கொன்றது ஒரு கொலைகாரனை. அடுத்து, சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகளின் தலைவர்களைக் கொன்று போரை நிறுத்துகிறார்கள். அதற்கடுத்து சூப்பர்மேனே அவர்களுக்குத் தடையாகத் தெரிகிறார். யார் கெட்டவன் என்ற பட்டியலை எழுதுவது யார்? அடிக்கிறவனே. முதல் பெயருக்கு நாம் கைதட்டிவிட்டோம் என்றால் மூன்றாவது பெயரை வாசிக்கும்போது நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. வாச்சாத்தியில் அந்தப் பட்டியலில் ஒரு ஊரையே எழுதிவிட்டார்கள்.

2019 டிசம்பர் 6 பலருக்கு நினைவிருக்கும். ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் கமிஷன், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டதாக அறிக்கை கொடுத்தது. அந்தப் பூவைத் தூவியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெண்ணைப் பெற்றவர்கள் அதில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

"அப்படின்னா கோர்ட்டுக்குப் போனா மட்டும் நடக்குமா தாத்தா? வருஷக்கணக்கா ஆகுமே" என்றான் பேரன். நியாயமான கேள்வி. வாச்சாத்திக்காரர்களுக்கு எத்தனை வருஷம் ஆனது என்று சொன்னேன். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பின்னால் நின்றன. கட்சியின் மாநிலச் செயலாளர் அ.நல்லசிவன் வழக்குப் போட்டார். 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ வசம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29-இல்தான் தர்மபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. அந்த 215-இல் என் துறைக்காரர்கள் 5 பேர்.

அப்பீல் போனது. நீதிபதி பி.வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார். அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய். உண்மையான கடத்தல் புள்ளிகளைக் காப்பாற்றத்தான் இந்த ஏழைகளைப் பலி கொடுத்தார்கள் என்றும் தீர்ப்பில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. நாங்கள் கைதட்டியது கடத்தல்காரனுக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது.

31 வருஷம். இது நல்ல வேகம் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது இதுதான்: உடனடி நியாயம் கேட்க இந்த மாவட்டத்தில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அந்தப் பெண்களுக்குத்தான். அவர்கள் அரிவாளைத் தூக்கவில்லை. அடையாள அணிவகுப்பில் நின்று ஆளைக் காட்டினார்கள். பஸ் ஏறிப் போய்க் கூண்டில் நின்று சாட்சி சொன்னார்கள். சட்டம் தங்களை மிதித்த பிறகும் அதே சட்டத்தின் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அரசு சம்பளம் வாங்கிய எனக்கு இல்லாத நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

படத்தின் கடைசியில் சூப்பர்மேனும் பொறுமை இழந்தவர் போல மாறி, எலீட் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார். கைதட்டிய அதே ஜனங்கள் பயந்து நடுங்குகிறார்கள். பிறகு, யாரும் சாகவில்லை, உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்கிறார். நல்ல யோசனை. ஆனால் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பார்க்கிறவனைச் சுலபமாக விட்டுவிடுகிறார்கள். எல்லாம் நடிப்பு என்றதும் நிம்மதியாக எழுந்து போய்விடலாம். வாச்சாத்தியில் யாரும் வந்து அப்படிச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் பேரன் கேட்டான். "அந்த ஊர்ல நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க தாத்தா?"

சொன்னேன். டீக்கடையையும் சொன்னேன், அங்கே நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். உள்ளே முறுக்கு சுற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரி "சின்னப் பையன்கிட்ட எதுக்கு இதெல்லாம்" என்று சத்தம் போட்டாள். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டேப்லெட்டில் மேப்பைத் திறந்து, வாச்சாத்திக்கு எப்படி எழுத்துக் கூட்டணும் என்று கேட்டான்.